‘ஒய்’ தட்டுவதற்கு முன்: ஆப்ட் நமக்காகப் போடும் கணக்கு

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் படங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் ஓடும் கணினி என்றால் இதற்கு ஒரு வரி போதும். டெர்மினலைத் திறந்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டி, டெசராக்ட் என்ற எழுத்துணரியின் பேக்கேஜ் பெயரையும் அதன் தமிழ்த் தரவுப் பேக்கேஜின் பெயரையும் சேர்த்து என்டர் அழுத்த வேண்டியதுதான். பேக்கேஜ் என்பது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி; அவற்றைத் தேடி இறக்கி நிறுவித் தரும் நிரல்தான் ஆப்ட்.

உடனே எதுவும் இறங்கிவிடாது. முதலில் ஒரு பட்டியல் வரும். நாம் கேட்டது இரண்டு பேக்கேஜ். பட்டியலிலோ லிப்டெசராக்ட், லெப்டோனிகா, ஆங்கிலத் தரவு, பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் தரவு என நாம் கேட்காதவையும் இருக்கும். கீழே எவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று இரண்டு வரிகள். கடைசியில் தொடரலாமா என்ற கேள்வி. பெரும்பாலோர் இந்த இடத்தில் எதையும் படிக்காமல் ‘ஒய்’ தட்டிவிடுகிறோம். ஆனால் என்டருக்கும் அந்தக் கேள்விக்கும் இடையில் நடப்பதுதான் இந்த விஷயத்தின் கடினமான பகுதி. இறக்குவதும் நிறுவுவதும் அதற்குப் பிறகு வரும் எளிய வேலைகள்.

கேட்காதவை ஏன் வருகின்றன? டெசராக்டுக்கு எழுத்தை அடையாளம் காணத் தெரியும். படக் கோப்பைத் திறந்து படிக்கும் வேலையை அது லெப்டோனிகா என்ற லைப்ரரியிடம் (மற்ற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல்தொகுப்பு) விட்டுவிடுகிறது. லெப்டோனிகாவும் ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், வெப்பி போன்ற படவகைகளைத் தானே பிரித்துப் படிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று உள்ள லைப்ரரியைக் கூப்பிடுகிறது. அவை எல்லாம் கடைசியில் சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சி6-இல் போய் நிற்கின்றன. இப்படி ஒன்று இயங்க இன்னொன்று தேவைப்படுவதைத்தான் டிபெண்டன்சி, சார்பு என்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஸ்னாப், ஃப்ளாட்பேக் போன்ற பேக்கேஜ் முறைகள் ஏறக்குறைய அந்தப் பக்கம் சாய்ந்தவைதான். ஆனால் பிஎன்ஜி லைப்ரரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படுகிறது என்று வையுங்கள். எல்லா நிரல்களும் ஒரே லைப்ரரியைப் பகிர்ந்துகொண்டிருந்தால் அந்த ஒரு பேக்கேஜைப் புதுப்பித்தால் போதும். படம் திருத்தும் நிரல், ஆவணம் காட்டும் நிரல், டெசராக்ட் எல்லாமே அடுத்த முறை திறக்கும்போது சரிசெய்த லைப்ரரியை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு பிரதியை உள்ளேயே வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இட மிச்சம், நினைவக மிச்சம் எல்லாம் இதோடு வரும் லாபங்கள். என்னைக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் ஒன்றே பகிர்ந்துகொள்வதற்குப் போதும்.

பகிர வேண்டுமென்றால், எதற்கு எது தேவை, எந்தப் பதிப்பு தேவை என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். ஆரம்ப கால லினக்ஸில் அதற்கு வழியில்லை. மூலநிரலை இறக்கி, அவிழ்த்து, கம்பைல் செய்வார்கள் (கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றுவார்கள்). ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று பாதியில் நிற்கும். அதைத் தேடிக் கொண்டுவந்தால், அது வேறொன்றைக் கேட்கும். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டே அதற்கென்று டிபிகேஜி என்ற நிரல் உருவானது. அதை இயன் ஜாக்சன் சி மொழியில் திரும்ப எழுதினார். 1995-இல் ரெட் ஹாட்டிலிருந்து ஆர்பிஎம் வந்தது. இரண்டுமே சார்புகளைப் பேக்கேஜுக்குள்ளேயே எழுதிவைத்தன. ஆனால் அவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது: இன்னது இல்லை என்று சொல்லும், அதைப் போய்க் கொண்டுவராது. குறைகிற பேக்கேஜைத் தேடி அலைவது பயனரின் தலையில் விழுந்தது. ‘டிபெண்டன்சி ஹெல்’ என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வது இந்த அலைச்சலைத்தான்.

அந்த இடைவெளியை நிரப்ப 1998-இல் ஆப்ட் வந்தது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. ரெட் ஹாட் குடும்பத்தில் அதே வேலையை யம் செய்தது. இன்று டிஎன்எஃப் செய்கிறது. டெபியனிலிருந்து கிளைத்தவற்றில் பெரும்பாலானவை ஆப்டைத்தான் பயன்படுத்துகின்றன. உபுண்டு, மின்ட் மட்டுமில்லை. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆப்ட் வந்ததால் டிபிகேஜி போய்விடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போடுவது ஆப்ட். கோப்புகளை அவிழ்த்து இடத்தில் வைப்பது டிபிகேஜி. இது தெரிந்தால் அடிக்கடி வரும் ஒரு குழப்பம் தீரும். எங்கிருந்தோ இறக்கிய டெப் கோப்பை (டெபியன் பேக்கேஜ் வரும் கோப்பு வடிவம்) டிபிகேஜி கொண்டு நேரடியாக நிறுவினால், சார்புகள் இல்லை என்று அது கைவிரித்துவிடும். அதே கோப்பின் பாதையைப் புள்ளி, சாய்கோடு சேர்த்து ஆப்ட் இன்ஸ்டாலிடம் கொடுத்தால், தேவையானதை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

டெப் கோப்பைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். உள்ளே மூன்றே உருப்படிகள். ஒன்று, ‘2.0’ என்று வடிவப் பதிப்பை மட்டும் சொல்லும் சின்னக் கோப்பு. இன்னொன்று, வட்டில் போய் உட்கார வேண்டிய கோப்புகள். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: கன்ட்ரோல். அதில் பேக்கேஜின் பெயர், பதிப்பு, பராமரிப்பவர் விவரம், அப்புறம் ‘டிபெண்ட்ஸ்’ என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி. ‘லிப்சி6, 2.34 அல்லது அதற்கு மேல்’ என்பது போல ஒவ்வொரு சார்பும் பதிப்போடு அங்கே இருக்கும்.

இந்தப் பதிப்பு எண்களைப் பெரும்பாலும் யாரும் கையால் எழுதுவதில்லை. பேக்கேஜைக் கட்டும்போது ஒரு கருவி, கம்பைல் ஆகி வந்த நிரலைத் திறந்து, அது எந்தெந்த லைப்ரரிகளைக் கேட்கிறது, அவற்றில் எந்தெந்தச் செயல்கூறுகளை (ஃபங்ஷன்) பயன்படுத்துகிறது என்று பார்க்கும். அந்தச் செயல்கூறு லைப்ரரியின் எந்தப் பதிப்பில் முதலில் வந்தது என்ற பட்டியல் ஏற்கனவே இருக்கும். இரண்டையும் பொருத்திக் குறைந்தபட்சப் பதிப்பைக் கணக்கிட்டு எழுதிவிடும். புதிய டெபியனுக்காகக் கட்டிய டெப் கோப்பைப் பழைய உபுண்டுவில் போட்டால் லிப்சி6 போதாது என்று பிழை வருவது இதனால்தான். அந்த எண்ணை ஏமாற்றி நிறுவினாலும், நிரல் ஓடும்போது அந்தச் செயல்கூறு கிடைக்காமல் விழும்.

‘டிபெண்ட்ஸ்’ கட்டாயம். ‘ரெக்கமென்ட்ஸ்’ என்ற வரியில் இருப்பவை, இல்லாமலும் ஓடும், ஆனால் இருந்தால் நல்லது என்ற வகை. இயல்பான அமைப்பில் ஆப்ட் இவற்றையும் சேர்த்தே கொண்டுவரும். சிறிய சர்வரில் ஒரு சின்ன நிரலை நிறுவப் போய் பட்டியல் நீண்டுவிட்டது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வேண்டாம் என்று சொல்ல ‘நோ-இன்ஸ்டால்-ரெக்கமென்ட்ஸ்’ என்ற விருப்பம் உண்டு. இவற்றோடு, இது இருந்தால் அது இருக்கக் கூடாது என்று சொல்லும் ‘கான்ஃபிளிக்ட்ஸ்’, ‘பிரேக்ஸ்’ வரிகளும் உண்டு. சிக்கல் தொடங்குவது இந்தக் கடைசி இரண்டில்.

அதற்கு முன் ஒன்று. ஆப்ட் நம் கணினியில் உட்கார்ந்தபடி எந்தப் பேக்கேஜில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படி அறிகிறது? களஞ்சியத்தில், அதாவது பேக்கேஜ்களைச் சேர்த்துவைத்திருக்கும் சர்வரில், உள்ள எல்லாப் பேக்கேஜ்களின் கன்ட்ரோல் விவரங்களையும் கோத்த பெரிய அட்டவணை ஒன்று இருக்கிறது. டெபியன் 12-இல் 64,000-க்கு மேற்பட்ட பேக்கேஜ்கள். ‘ஆப்ட் அப்டேட்’ செய்வது அந்த அட்டவணையின் புதிய பிரதியை இறக்குவது மட்டுமே. அது எந்த நிரலையும் புதுப்பிக்காது. புதுப்பிப்பது ‘அப்கிரேட்’. அப்டேட் செய்யாமல் பல வாரம் விட்டுவிட்டு இன்ஸ்டால் போட்டால் 404 (கோப்பு இல்லை) பிழை வரலாம். நம்மிடம் உள்ள அட்டவணை பழைய பதிப்பைச் சொல்கிறது. சர்வரில் அந்தக் கோப்பு போய் அடுத்த பதிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். அட்டவணையின் ஹாஷ் எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்), களஞ்சியம் கையொப்பமிட்ட ஒரு கோப்பில் இருக்கும். ஒவ்வொரு டெப் கோப்பின் ஹாஷும் அட்டவணைக்குள் இருக்கும். அதனால் நடுவழியில் யாரோ கோப்பை மாற்றினால் ஆப்ட் கண்டுபிடித்துவிடும். இந்தச் சங்கிலி எதுவரை நம்மைக் காக்கும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அட்டவணை கையில் இருக்கிறது. இனி கணக்கு. நாம் கேட்டவை இருக்க வேண்டும்; அவற்றின் சார்புகளும், அந்தச் சார்புகளின் சார்புகளும் இருக்க வேண்டும்; பதிப்புகள் பொருந்த வேண்டும்; ஒன்றோடொன்று மோதக் கூடாது. பள்ளியில் கால அட்டவணை போட்டவர்களுக்கு இது புரியும். ஓர் ஆசிரியரை ஒரு பாடவேளையிலிருந்து நகர்த்தினால் வேறு மூன்று வகுப்புகள் இடிக்கும். இந்தச் சிக்கல் பொதுவான வடிவில் என்பி-முழுமையானது என்று 2000களின் நடுவில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அதாவது, எல்லா நேரத்திலும் விரைவாக விடை தரும் என்று உறுதி சொல்லக்கூடிய வழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. நடைமுறையில் பேக்கேஜ் உலகம் அவ்வளவு முரடாக இருப்பதில்லை என்பதால் நொடிகளில் விடை வருகிறது. ஓப்பன்சூசே 2008-இலேயே இதைத் தர்க்கச் சமன்பாடுகளாக மாற்றித் தீர்க்கும் முறைக்குப் போய்விட்டது.

டெபியனில் ஒரு பெயரில் ஒரு பதிப்புதான் இருக்க முடியும். ஒரு நிரலுக்கு எக்ஸ் லைப்ரரியின் 1-ஆம் பதிப்பும் இன்னொன்றுக்கு 2-ஆம் பதிப்பும் வேண்டுமென்றால், இரண்டில் ஒன்று போக வேண்டியதுதான். இதைச் சமாளிக்க லைப்ரரியின் பெயரிலேயே எண்ணைச் சேர்த்துவிடுவார்கள். லிப்எஸ்எஸ்எல்1.1 வேறு பேக்கேஜ், லிப்எஸ்எஸ்எல்3 வேறு பேக்கேஜ்; இரண்டும் அருகருகே இருக்கலாம். அந்த வழியும் இல்லாத இடத்தில், தீர்வு தேடும் நிரலுக்கு எப்போதும் ஒரு கதவு திறந்திருக்கிறது: இடிக்கிற பேக்கேஜை நீக்கிவிடுவது. கணக்கின்படி அதுவும் சரியான விடைதான்.

2021-இல் இது உலகமே பார்க்கும்படி நடந்தது. லைனஸ் செபாஸ்டியன் என்ற கனடா யூடியூபர், பாப்-ஓஎஸ் என்ற உபுண்டு வழி லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் பார்த்தார். வரைகலைக் கடை மறுத்துவிட்டது. டெர்மினலுக்குப் போய் ஆப்ட் இன்ஸ்டால் போட்டார். ஸ்டீமுக்கு 32-பிட் லைப்ரரிகள் வேண்டும். 64-பிட் பிரதியும் 32-பிட் பிரதியும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் சேர்ந்து இருக்க முடியும். அந்த நேரத்தில் களஞ்சியத்தில் அந்தப் பொருத்தம் குலைந்திருந்தது. ஆப்ட் கண்டுபிடித்த தீர்வு, டெஸ்க்டாப்பை மொத்தமாக நீக்கிவிட்டு ஸ்டீமை வைப்பது. நீக்கப் போகும் பேக்கேஜ்களைப் பட்டியலிட்டு, இது ஆபத்தானது, உறுதியென்றால் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டு என்றும் கேட்டது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போனது.

அவரைக் குறை சொன்னவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீளமான, எல்லா வரியும் ஒரே நிறத்தில் உள்ள பட்டியலில் எது முக்கியம் என்று ஒரு புதியவர் எப்படி அறிவார்? ஆப்டை எழுதுபவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வாக்கியத்தைத் தட்டினால் போதும் என்ற வழியை எடுத்துவிட்டு, அடிப்படைப் பேக்கேஜ்களை நீக்கத் தனி விருப்பத்தை வெளிப்படையாகக் கொடுக்கச் சொன்னார்கள். 2025-இல் வந்த ஆப்ட் 3.0-இல் நிறுவப்படுபவை பச்சையில், நீக்கப்படுபவை சிவப்பில் வருகின்றன. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ‘நீக்கப்படும்’ என்ற தலைப்பு வருகிறதா என்று மட்டுமாவது பார்த்துவிட்டு ‘ஒய்’ தட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் கட்டளையோடு ‘மைனஸ் எஸ்’ சேர்த்தால் ஒத்திகை மட்டும் நடக்கும், எதுவும் மாறாது.

சரி, ‘ஒய்’ தட்டிவிட்டோம். கோப்புகள் இறங்குகின்றன, ஹாஷ் சரிபார்க்கப்படுகிறது, டிபிகேஜி அவிழ்க்கிறது. அப்புறம் ஒவ்வொரு பேக்கேஜும் தன்னோடு கொண்டுவந்த சிறு ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. இதை மறந்துவிடுகிறோம்: ஒரு பேக்கேஜை நிறுவ அனுமதிப்பது என்றால், அதைக் கட்டியவரின் ஸ்கிரிப்டை நம் கணினியில் முழு அதிகாரத்தோடு ஓடவிடுவது. தெரியாத களஞ்சியங்களைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

நடுவில் மின்சாரம் போனால் சில பேக்கேஜ்கள் அவிழ்ந்தும் அமைக்கப்படாமலும் அரைகுறையாக நிற்கும். ஒவ்வொன்றின் நிலையையும் டிபிகேஜி ஒரு கோப்பில் எழுதிவைப்பதால், ‘டிபிகேஜி கான்ஃபிகர் மைனஸ் ஏ’ விட்ட இடத்திலிருந்து தொடரும். சார்பு குறைந்தால் ‘ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. அந்த நிலைக் கோப்பை ஒரே நேரத்தில் இருவர் தொடக் கூடாது என்பதற்காகத்தான் ‘லாக் (பூட்டு) கிடைக்கவில்லை’ என்ற பிழை. பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்; கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது. கேட்காதீர்கள். ஓடுகிற வேலையின் நடுவே இன்னொன்று புகுந்து அந்தக் கோப்பைக் கெடுத்தால் மீட்பது பெரும்பாடு.

நிரல்மொழிகளுக்கு என்று தனிப் பேக்கேஜ் மேலாளர்கள் உண்டு; அவற்றின் பாதை வேறு. ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம், ஒரே லைப்ரரியின் பல பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ள விடுகிறது. மோதல் குறைகிறது, மரம் பெருத்துவிடுகிறது. 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் களஞ்சியத்திலிருந்து விலக்கியபோது, அதன் பெயரையே கேள்விப்படாதவர்களின் திட்டங்கள் உலகெங்கும் கட்டப்பட மறுத்தன. பைத்தானின் பிப், 2020 இறுதியில் வந்த 20.3 பதிப்புவரை, முரண்படும் பதிப்புகளைக்கூடப் பெரிதாகக் கேட்காமல் நிறுவிவிடும். அதோடு, சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, பிப் ஓட்டினால் அது ஆப்ட் பராமரிக்கும் பைத்தான் அமைப்புக்குள்ளேயே கைவைக்கும். ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. டெபியன் 12-இலிருந்து, கணினியின் பொதுப் பைத்தானில் பிப் நிறுவ மறுத்து, தனிச் சூழல் ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. எரிச்சலூட்டும் பிழைச் செய்தி என்று பலர் திட்டுகிறார்கள். பல கணினிகளை அது காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது கையொப்பச் சங்கிலிக்கு வருவோம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். தன் டெபியன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, காரணம் தேடிப் போயிருக்கிறார். தேடல் போய் நின்ற இடம், கோப்புச் சுருக்கத்துக்கான எக்ஸ்இசட் லைப்ரரி. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்திருந்தார்கள். வைத்தவர், ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்புகளைச் செய்து, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகவே ஆனவர். கையொப்பம் சரி, ஹாஷ் சரி. ஏனென்றால் வெளியிட்டவரே அதிகாரம் பெற்றவர். கோப்பு வழியில் மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே அந்தச் சங்கிலி உறுதி செய்யும். அது புறப்பட்ட இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது.

உள்நுழைவுக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் என்ன தொடர்பு? எஸ்எஸ்ஹெச் சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் மூலநிரலுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவை அதில் ஒரு சிறு ஒட்டுப் போட்டிருந்தன: சர்வர் தொடங்கியதும் ‘நான் தயார்’ என்று, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக. அதற்கு லிப்சிஸ்டம்டி லைப்ரரியை இணைத்தார்கள். லிப்சிஸ்டம்டியோ, பதிவேடுகளைச் சுருக்கிவைப்பது போன்ற தன் வேறு வேலைகளுக்காக எக்ஸ்இசட்டின் லைப்ரரியை இணைத்திருந்தது. இப்படி, ‘தயார்’ என்ற ஒரு சொல்லுக்காக, இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர் நிரலுக்குள் சுருக்க லைப்ரரி ஒன்று ஏறிக்கொண்டது. ஆப்ட் அதில் எந்தத் தவறும் செய்யவில்லை. எழுதியிருந்த சார்புகளைத்தான் கொண்டுவந்தது. டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அந்தப் பதிப்பு போவதற்கு முன் பிடிபட்டது.

‘தயார்’ என்று சொல்ல உண்மையில் ஒரு சாக்கெட்டுக்குச் சிறிய செய்தி ஒன்றை அனுப்பினாலே போதும். சில பத்து வரி நிரலில் முடிகிற காரியம். 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 அதைத் தனக்குள்ளேயே எழுதிக்கொண்டது. சிஸ்டம்டியும் சுருக்க லைப்ரரிகளை எப்போதும் இணைத்தே வைக்காமல், தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி மாறிவிட்டது. இன்று டெபியன் 13-இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவினால், அந்த நிரல் லிப்சிஸ்டம்டியைக் கேட்பதில்லை.